பை வைத்த கவுன்

இந்த வருடம் கை கழன்று வரும்.
பதிவாளர் முன்னால் முழுக்கை,
விருந்தில் வெறுந்தோள்,
நடுவில் இரண்டே கொக்கி.
பத்து நாளாக இதையே ஒப்பிக்கிறேன்,
தூக்கத்திலும் சொல்கிறேனாம்.

இஸ்மிரில் எங்கள் தெரு முழுக்கக்
கண்ணாடிக்குள் தலையில்லாப் பெண்கள்
வெள்ளையில் நிற்கிறார்கள்.
நவம்பரிலேயே எங்களுக்கு
அடுத்த ஜூன் வந்துவிடும்.
வழவழப்பு சாட்டின் போகிறது,
எலும்பு தெரியும் கார்செட் வருகிறது.
முழங்காலோடு நின்றுவிடும் பாவாடை வருகிறது.
கால்சட்டை வருகிறது.
வாடகைக்கு எடுத்து
திங்களன்று திருப்பித் தருகிறவர்களும் வருகிறார்கள்.
அவர்களைப் பற்றி மட்டும்
முதலாளி ஜெவ்தெத் பேசுவதில்லை.

ஒரு மணப்பெண் என்றால் கூட நாலு பேர்.
அம்மா அழுவார், அத்தை விலை கேட்பார்,
தோழி படம் பிடிப்பாள்,
தங்கை சோபாவில் சார்ஜர் தேடுவாள்.
முஸெய்யன் தனியாக வந்தார்.
ஐம்பத்தொன்பது வயது.
கையில் பாதி கடித்த கெவ்ரெக்.
எள் என் கம்பளம் முழுக்க.

யாருக்கு என்று கேட்டுவிட்டேன்.
எனக்குத்தான் என்றார்.
மாப்பிள்ளை கார்ஷியாக்கா படகில்
கரைக்குக் கயிறு வீசுகிறவர்.
முப்பது வருடத்தில்
இரண்டு முறைதான் குறி தவறியதாம்.
இரண்டாவது முறை
இவர் இறங்கக் காத்து நின்ற நாள்.

கழலும் கையைக் காட்டினேன். பார்க்கவில்லை.
கார்செட்டைத் தட்டிப் பார்த்து,
இதற்குள் யார் சாப்பிடுவது என்றார்.
பை இருக்கா?
முத்து வைத்த கைப்பை எடுத்து வந்தேன்.
அதில்லை, கவுனில். பக்கவாட்டில்.
கை நுழைகிற மாதிரி.
படிக்கிற கண்ணாடி வைக்கணும்.

முதல் கல்யாணத்தில் வயது பத்தொன்பது.
கண் நன்றாகத்தான் தெரிந்தது.
எங்கே என்றார்கள், அங்கே கையெழுத்துப் போட்டேன்.
இந்த முறை படித்துவிட்டுப் போடுவேன்.

இடுப்போரத் தையலைப் பிரித்தேன்.
அஸ்தர்த் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பை,
ஊசி குத்தி அவசரமாக.
கையை உள்ளே விட்டார்.
விட்டதும் நிற்கிற விதமே மாறிவிட்டது,
கல்யாணத்துக்கு நிற்கிறவர் போல இல்லை,
பஸ் எப்படியும் வரும் என்று
தெரிந்து நிற்கிறவர் போல.

பின்னால் புக்காரெஸ்டிலிருந்து வந்த ருக்சாந்த்ரா
ஆர்டர் புத்தகத்தோடு நின்றிருந்தார்.
எங்கள் பாஷை அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது.
அந்தக் கையை மட்டும் பார்த்தார்.
இது, அறுபது, எல்லா அளவிலும் என்று
விரலால் சொன்னார்.

ஆக, அடுத்த நவம்பரில் பைதான் எல்லாம்.
மேடையில் நடக்கிற பெண்கள்
இரண்டு கையையும் செருகிக்கொண்டு நடந்தார்கள்.
ஜெவ்தெத் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்து
விலையைக் கொஞ்சம் ஏற்றினார்.
பைக்குள் என்ன வைப்பது
என்று ஒருத்தி கேட்டாள்.
உதட்டுச்சாயம் என்றார்.
நான் கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று பணம் கட்டும்போது
முஸெய்யன் என் பெயர் கேட்டார்.
மணப்பெண் செருப்புக்கு அடியில்
கல்யாணமாகாத தோழிகளின் பெயர் எழுதுவது வழக்கம்,
ஆடி முடிக்கையில்
எந்தப் பெயர் முதலில் தேய்கிறதோ
அடுத்தது அவளுக்கு.
என் தோழிகளுக்கெல்லாம் ஆகிவிட்டது என்றார்,
சிலருக்கு இரண்டு தடவை.
அடி காலியாக இருக்கக் கூடாது பார்.

ஜூனில் ஒரு படம் அனுப்பினார்.
கவிழ்த்து வைத்த ஒற்றைச் செருப்பு.
நில்ஹான், நீல மையில்,
ஒரு புள்ளிகூட அழியாமல்.
கீழே எழுதியிருந்தார்:
மன்னித்துவிடு, ரப்பர் அடி.
படகுத் தளம் வழுக்கும்.
எல்லா வரியும் படித்தேன்.
பின்னால் மூன்று ஜோடி காத்திருந்தார்கள்.
காத்திருக்கட்டும்.